தங்கள் பேரில் நிற்கும் தொகை

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு என் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். நேரம் சரியாகத் தெரியும். முந்தைய நாளை டைரியில் எழுதி முடித்து, அப்போதுதான் பேனாவை மூடினேன்.

வாசலில் ஈஸ்வரி. சிலமலையிலிருந்து முதல் பஸ்ஸில் போடிக்கு வந்திருக்கிறாள். கையில் ஒரு தபால் கார்டு.

"அண்ணே, இத நீங்கதான எழுதுனீக?"

என் கையெழுத்தேதான். மறுக்க முடியுமா?

"இது வந்து மூணு நாளாச்சு. அந்த மனுசன் சரியாச் சோறு திங்கல. இன்னைக்கு விடியுமுன்ன செவலையை ஓட்டிக்கிட்டு தேவாரத்துக்குக் கெளம்பிட்டாரு. வித்துத்தான் கட்டணுமாம்."

அந்த மனுஷன் அவள் கணவர் பெருமாள். செவலை அவருடைய உழவு மாடுகளில் ஒன்று. ஜோடியில் ஒன்றை விற்றால் மற்றது எதற்கு ஆகும்? அடுத்த வாரம் உழவு வேறு.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கும் சிலமலையில் எங்களுக்கு ஒரு தண்ணீர் சொசைட்டி இருக்கிறது. கிணறு, மோட்டார், குழாய் எல்லாம் உறுப்பினர்களான விவசாயிகளுக்கே சொந்தம். மணிக்கு இவ்வளவு என்று கட்டித் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வோம். கரண்ட் பில், ரிப்பேர், மோட்டார்காரர் சம்பளம் போக மிஞ்சினால்? வெளியாள் யாருக்கும் போகாது. யார் எத்தனை மணி நேரம் தண்ணீர் எடுத்தாரோ, அந்த அளவுக்கு அவரவருக்கே திரும்பிவிடும்.

இந்த வருடம்தான் முதன்முறையாக மிஞ்சியது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் நான் செயலாளர். கார்டுகளை நானே எழுதினேன்.

'லாபம்' என்று எழுதலாமா? வெகுநேரம் யோசித்தேன். நம்மிடம் கூடுதலாக வாங்கியதை நமக்கே தருவது லாபமா? இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை தருவது மாதிரிதான். ஆகவே அந்தச் சொல்லை அடித்தேன். தொகை அவரவர் சொந்த விஷயம், போஸ்ட்மேன் படிப்பானேன் என்று அதையும் விட்டேன். மிச்சம் இவ்வளவுதான் —

'தங்கள் பேரில் தொகை நிற்கிறது. பத்து நாட்களுக்குள் நேரில் வந்து தீர்த்துக்கொள்ளவும். தவறினால் சொசைட்டியே எடுத்துக்கொள்ளும்.'

ஈஸ்வரியின் முன்னால் இதை வாய்விட்டுப் படித்தபோதுதான் என் தப்பு என் காதிலேயே விழுந்தது.

நம் பக்கத்தில் ஒருவர் பேரில் தொகை 'நிற்கிறது' என்றால் என்ன அர்த்தம்? பாக்கி! அதிலும், பாக்கிக்காக அண்டாவையும் கதவையும் ஜப்தி செய்து வண்டியில் ஏற்றியதைப் பார்த்த ஊர் அது. 'எடுத்துக்கொள்ளும்' என்று வேறு எழுதியிருக்கிறேன்...

"அவர் மாசம் தவறாமக் கட்டுற ஆளாச்சேம்மா. பாக்கி இல்லைன்னு அவருக்கே தெரியுமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட'ன்னுட்டாரு. அண்ணே, வெரசா வாங்க!"

எட்டு மணி பஸ் எட்டு இருபத்தைந்துக்கு வந்தது. தேவாரம் போகும் வழியில் சிலமலையில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் டீக்கடையில்.

"கண்டக்டரண்ணே, என்ன, பொண்ணழைப்புக்கா போறீக? எடுங்கண்ணே!"

"பஸ்சும் மூச்சு வாங்கணுமில்ல ஆத்தா."

எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மாட்டு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. விற்றவர் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு போடுவார். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. அவிழ்த்திருப்பாரோ? இன்னொரு பயம் — இதே கார்டு இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறது? எந்த வீட்டில் எது அடகுக்குப் போகிறதோ?

தேவாரத்தில் இறங்கி, ஈஸ்வரி முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். ஓடி எத்தனை வருடமாயிற்று!

மாடு வாங்குகிறவர் வீட்டு வேப்பமரத்தில் செவலை கட்டிக்கிடந்தது. பக்கத்தில் பெருமாள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மாட்டின் கழுத்தைப் பார்த்தேன். பழைய கயிறு!

"புதுக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருக்காரு" என்றார் பெருமாள். என்னைக் கண்டதும் எழுந்து, "செக்ரட்டரி அண்ணே, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டிருவேன்" என்றார்.

"நீங்க கட்ட வேண்டாம். சொசைட்டிதான் உங்களுக்குக் கொடுக்கணும்."

"சும்மா சொல்லாதீக. சொசைட்டி எங்கயாச்சும் காசு குடுக்குமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டு வரும் காகிதத்தையே பார்த்துப் பழகிய கண்கள். கொடுக்க வரும் காகிதத்தை எப்படி அடையாளம் தெரியும்?

அதற்குள் வாங்குகிறவர் தோளில் புதுக் கயிற்றோடு வந்துவிட்டார். கதையைக் கேட்டார். கார்டை வாங்கிப் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப இந்தக் கயித்த யாரு கழுத்துல போட? எழுதுன ஆளு கழுத்துலயா?"

கயிற்றை நானே விலைக்கு வாங்கிக்கொண்டேன். நியாயம்தானே?

மாட்டை ஓட்டிக்கொண்டு மூவரும் சிலமலைக்கு நடந்தோம். பாதி வழியில் பெருமாள் நின்றுவிட்டார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். சித்திரையில ஒரு நா, நான் பாய்ச்சுன ரெண்டு மணி நேரத்த மோட்டார்காரரு எழுதாம விட்டுட்டாரு. நானும் வாயத் தெறக்கல. அதத்தான் கண்டுபிடிச்சிட்டீகன்னு நெனச்சேன்."

"ரெண்டு மணித் தண்ணிக்கு ஒரு மாட்டையா விப்பாக?" என்றாள் ஈஸ்வரி.

"அபராதம் எம்புட்டுன்னு யாரு கண்டா? கார்டுல போடலையே!"

எனக்குச் சுருக்கென்றது. அதுவும் என் வேலைதான்.

"அந்த ரெண்டு மணிக்குக் காசைப் பிடிச்சுக்குவோம்" என்றேன். சொசைட்டி விதி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்? "ஆனா, எடுத்த தண்ணிக்குத்தானே பங்கு. அதனால அந்த ரெண்டு மணிக்கும் சேர்த்து உங்களுக்குப் பங்கு உண்டு."

பெருமாள் என்னை வெறித்துப் பார்த்தார்.

"களவாண்ட தண்ணிக்குமா?"

"நல்லாருக்குண்ணே ஒங்க சொசைட்டி" என்றாள் ஈஸ்வரி. மூன்று நாள் கழித்து அவள் சிரித்தது அப்போதுதானாம்.

அன்று சாயங்காலமே சிலமலையில் வீடு வீடாகப் போய் எல்லாக் கார்டுகளையும் திரும்ப வாங்கினேன். மறுநாள் புதிதாக எழுதினேன்: 'லாபம் வந்திருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.' தொகையையும் போட்டேன்.

துல்லியமில்லாத வாக்கியம்தான்... ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் மாட்டை அவிழ்க்கவில்லை.