இந்த லைனில் சிவப்பு

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழைய கரண்டுக் கம்பிகளை மாற்ற, பிரிஞ்சாங் டவுனிலிருந்து லோரியில் ஒரு வயர்மேன் வந்தார். ஒரு பக்கப் புருவம் பாதி கருகிப்போன, மெலிந்த மனிதர். எந்தக் கம்பியை எடுத்தாலும் முதலில் அதன் உறையை முகர்ந்து பார்ப்பார்.

"ரப்பர் வெடிச்சா ஒரு புளிச்ச வாடை வரும் தம்பி. இனிமே எல்லாம் பிளாஸ்டிக்தான் லா" என்பார். சிவப்பு உறைக்குள் கரண்டு வரும், கறுப்பு வழியாகத் திரும்பும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளின் கூரையோரம் ஏறி நின்றார். நான் ஏணியைப் பிடித்திருந்தேன். பழைய கம்பியைக் கழற்றியவர், திடீரென்று உரக்கச் சொன்னார்:

"இந்த லைன்ல சிவப்பு இருக்கு!"

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளையும் அப்போது நாங்கள் சிவப்பு என்றுதான் சொல்வோம். லைனைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலியருகே காவல் நின்ற தமிழ்ப் போலீஸ்காரர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்.

"ஐயா, அவரு கம்பியச் சொல்றாருங்க!" என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை. விசில் ஊதி மற்றவர்களையும் கூப்பிட்டார். வீடு வீடாகச் சோதித்தார்கள். மூன்றாவது வீட்டில், காட்டுக்கு அனுப்ப ஒளித்துவைத்த அரிசி அகப்பட்டது. அந்த வீட்டுக்காரரை விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள்.

"என்னண்ணே, இப்படி ஆயிடுச்சே?"

"நான் கம்பியத்தான் தம்பி சொன்னேன்" என்றார், ஏணியிலிருந்து இறங்காமலே.

அவர் கீழே போட்ட பழைய கம்பிகளைச் சுருட்டினேன். எல்லாமே கறுப்பு. சிவப்பு ரப்பர் வருஷக்கணக்கில் வெயில்பட்டால் அப்படிக் கறுத்துப்போகுமா? அதற்குப் பிறகு எத்தனையோ வயர்மேன்களைப் பார்த்துவிட்டேன். ஒருவரிடமும் நான் அதைக் கேட்டதில்லை.