ஆடியில் போடாத கையெழுத்து

மகள் படிக்காத படிப்புக்கு ஏழாயிரத்து நானூறு வெள்ளி கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கடந்த ஆண்டு, ஆவணி முடியப்போகும் நேரம். தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் அதைப் பிரித்தேன். வாசித்து முடித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை வழிபாட்டில் என்னோடு உட்காரும் சகோதரிகளே, என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் உங்களிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். மீதியை இப்போது எழுதுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் செய்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாங்கள் பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டம் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். என் கணவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். நான் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். ஒரே மகள் தர்ஷினி. அவள் தாதியாக வேண்டும் என்பது என்னுடைய ஆசை. அவளுடைய ஆசையை நான் கேட்கவே இல்லை. தாலிச் சங்கிலியை அடகு வைத்து ஒரு தனியார் கல்லூரியில் தாதியர் படிப்பில் சேர்த்தேன்.

முதல் செமஸ்டரை எப்படியோ முடித்தாள். இரண்டாவது செமஸ்டர் தொடங்கி இரண்டாவது வாரமே விடுதியை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"முடியலமா. காலையில எந்திரிச்சாலே வயித்தக் கலக்குது. நான் சின்னப் பிள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்குற கோர்ஸ் எடுக்குறேன். வேற காலேஜ்ல அக்டோபர்ல இருக்கு," என்றாள்.

நான் கத்தினேன். பிறகு அழுதேன். என் கணவர்தான், "பிள்ளைக்குப் பிடிக்கலன்னா விடுலா. இப்ப மாத்துனா ஒரு செமஸ்டரோட போச்சு," என்று முடித்து வைத்தார்.

விலகல் பாரத்தை, அதாவது படிவத்தை, தர்ஷினி கொண்டுவந்தாள். பிணை நின்றவள் நான் என்பதால் என் கையெழுத்தும் வேண்டும். செமஸ்டர் தொடங்கிப் பதினான்கு நாளுக்குள் கொடுத்தால் சின்னத் தொகையோடு முடிந்துவிடும். தாண்டினால் முழுக் கட்டணம். "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்மா," என்று அவள் சொன்னாள். சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல முடியாது.

அன்றைக்கு ஆடி பிறந்து இரண்டாவது நாள். எங்கள் வீட்டில் ஆடியில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடமாட்டோம். பல ஆண்டுகளுக்கு முன் என் கணவர் ஆடியில் கையெழுத்துப் போட்டு மோட்டார் சைக்கிள் எடுத்தார். எடுத்த இரண்டாவது வாரம் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆடி என்றாலே எனக்குப் பேனாவைத் தொடப் பயம்.

"ஆவணி பொறக்கட்டும். ஒரு மாசத்துல உன் காலேஜ் எங்கயும் ஓடிறாது," என்று பாரத்தைச் சாமி மேடைக்கு அடியில் வைத்தேன்.

ஆவணி முதல் வெள்ளி, நல்ல நேரம் பார்த்து, குங்குமம் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்தக் கடிதம். பணம் கட்டாவிட்டால் விடுவிப்புக் கடிதம் கிடையாது. அது இல்லாமல் புதிய கல்லூரி சேர்க்காது. அரசாங்கக் கல்விக் கடனையும் புதிய படிப்புக்கு மாற்ற முடியாது. புதிய வகுப்பு தொடங்க மூன்று வாரமே இருந்தது.

அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன்? தெரிந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டேன். ஆயர் தாவாரில் இருக்கும் என் அண்ணன் போனை எடுக்கவே இல்லை. தொழிற்சாலையில் முன்பணம் தர மறுத்துவிட்டார்கள். அடகு வைக்க வீட்டில் பொட்டுத் தங்கம் இல்லை. கடைசியில் விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஆலோங் எனும் கள்ள வட்டிக்காரனின் எண்ணைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டேன். அவர்களிடம் வாங்கிக் கட்ட முடியாமல் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட வீடுகளை எங்கள் குடியிருப்பிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஏற்றிக்கொண்டேன். அவ்வளவுக்கு வந்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். யார் கேட்டாலும், "பொண்ணுதான் பாரத்த லேட்டா குடுத்துட்டா," என்று சொன்னேன். என் கணவரிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எரிந்து விழுந்தேன். "நீ படிச்சுக் கிழிச்சது போதும், அப்பன் ஆத்தாளத் தெருவுல நிறுத்திட்ட," என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வைத்துச் சொன்னேன்.

அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு காலை, "நான் சூப்பர்மார்க்கெட்ல வேலைக்குப் போறேன்மா. படிப்பே வேணாம்," என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பணம் போனால் போகட்டும், பிள்ளை போய்விடுவாளோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

புரட்டாசி முதல் வெள்ளி. வேலைக்குப் போகாமல் பேருந்து ஏறி, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சுற்றிலும் இப்போது செம்பனை மரங்கள். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. பூசாரி விளக்கேற்றிவிட்டுப் போயிருந்தார். வேறு யாருமில்லை.

நான் பக்தியாக வேண்டவில்லை, சகோதரிகளே. சண்டை போட்டேன். "உனக்குக் கண்ணு இருக்கா? வெள்ளி தவறாம விளக்குப் போடுறேனே, எனக்கு இதுதான் கூலியா? பிள்ளை சாப்பிடாமக் கெடக்குறா. உன் மாசம்னுதானே நான் கையெழுத்துப் போடாம நிறுத்தி வச்சேன்? உனக்காகத்தானே நிறுத்தி வச்சேன்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினேன்.

கத்தியது என் காதிலேயே விழுந்தது. நான் நிறுத்தி வைத்தேன். இத்தனை நாளாக ஊரெல்லாம் மகள்தான் காரணம் என்று சொன்ன என் வாய், அம்மன் முன்னால் உண்மையைக் கக்கிவிட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொன்றும் உறைத்தது. ஆடி, அவளுக்கு உகந்த மாதம். கூழ் காய்ச்சி, தீ மிதித்து நாம் அவளைக் கும்பிடும் மாதம். அந்த மாதத்தையா நான் ஆகாத மாதம் என்று பயந்து கிடந்தேன்? வெகுநேரம் அழுதேன். "தாயே, பணம் கேட்க மாட்டேன். பழியை என் பிள்ளை தலையிலிருந்து இறக்க எனக்கு வாய் கொடு. அது போதும்," என்று கேட்டேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பதிவுப் பிரிவில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். என் மகள் வயதுக்குப் பத்து வயது கூட இருக்கும். கடிதத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். தேதி முடிந்துவிட்டது, விதி விதிதான் என்றார்.

எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "சாயா யாங் சாலா, புவான். தப்பு என்னுடையது. பிள்ளை நேரத்தோடு பாரத்தை என்னிடம் கொடுத்தாள். எங்கள் வழக்கத்தில் அந்த மாதம் கையெழுத்துப் போடமாட்டோம் என்று நான்தான் ஒளித்து வைத்தேன். அவளைத் தண்டிக்காதீர்கள்." பக்கத்தில் தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா கடிதத்தை மேசைமேல் வைத்தார். பிறகு, "எங்களுக்கும் சில மாதங்களில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். என் பாட்டி ரொம்பப் பார்ப்பார்," என்று லேசாகச் சிரித்தார். "அந்தப் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா? ஒரு வரியாவது?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். தர்ஷினி மெதுவாகக் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பாரத்தை நான் சாமி மேடைக்கு அடியில் வைத்த அதே நாள், அவள் தன் துறைப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். இன்றிலிருந்து படிப்பை விட்டு விலகுகிறேன், அம்மாவின் கையெழுத்து மட்டும் தாமதமாகும் என்று. பதில் வரவில்லை. அது பதிவுப் பிரிவுக்கும் வந்து சேரவில்லை.

அந்த அம்மா கைப்பேசியோடு மேலதிகாரியின் அறைக்குள் போனார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் மாரியம்மா, மாரியம்மா என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்தவர், மின்னஞ்சல் வந்த தேதியையே விலகிய தேதியாக எடுத்துக்கொள்கிறோம் என்றார். இரண்டு வாரக் கட்டணமும் விடுதி வாடகையும் சேர்த்து அறுநூற்றெண்பது வெள்ளி. மூன்று நாளில் விடுவிப்புக் கடிதம். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி இத மொதல்லயே காட்டல? இவ்வளவு ஏச்சு வாங்கிக்கிட்டு ஏன் சும்மா இருந்த?"

"கையெழுத்து இல்லாம செல்லாதுன்னு நெனச்சேன். அதோட, காட்டியிருந்தா லேட் பண்ணது நீதான்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் உன்னப் பேசுவாங்கம்மா."

கார் நிறுத்துமிடம் என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள், "போதும்மா, பசிக்குது," என்றாள். எதிரில் இருந்த கடையில் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டாள். நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலையே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் ஏசினார், பிறகு பணத்துக்கு வழி செய்தார். வட்டிக்காரன் எண்ணை அழித்துவிட்டேன். தர்ஷினி அக்டோபரில் புதிய கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது பாலர் பள்ளி ஒன்றில் பயிற்சிக்குப் போகிறாள். சாயம் அப்பிய சட்டையோடு வீட்டுக்கு வந்து, அந்தப் பிள்ளைகள் பண்ணுகிற சேட்டையை ஒரு மணி நேரம் கதை கதையாகச் சொல்கிறாள்.

நான் இன்னும் நாள் பார்க்கிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அம்மன் பெயரைச் சொல்லி என் பயத்தைப் பிள்ளை மேல் ஏற்றுவதை விட்டுவிட்டேன். அம்மன் எனக்கு ஏழாயிரம் வெள்ளி தரவில்லை. என் வாயைத் திறந்துவிட்டாள். நான் வாயைத் திறந்த பிறகுதான் என் மகள் கைப்பேசியைத் திறந்தாள்.

உங்களில் யாருக்காவது இப்படி வழியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றால், தைரியமாக அம்மனிடம் போங்கள். அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பேசாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.