ஜெபக்குறிப்பிலிருந்து இறங்கிய பெயர்

ஞாயிறு ஆராதனையில் ஸ்வீட்லினுக்குப் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. பிரசங்கம் என்றால்கூட மனதை அதன்போக்கில் மேயவிட்டுவிடலாம். அதற்கு முன்னால் வரும் ஜெபக்குறிப்பு வாசிப்பில் அது நடக்காது. குருவானவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாசிப்பார். மூட்டுவலியில் படுத்திருக்கும் ஓர் அம்மாள், பேறுகாலத்தை எதிர்பார்த்திருக்கும் ஒரு மருமகள், விசா முடியப்போகும் ஒரு தம்பி என்று வரிசையாக வரும். மூட்டுவலி தணியும், பிள்ளை பிறக்கும், விசா நீளும். அந்தப் பெயர்கள் எல்லாம் வந்த வழியே போய்விடும். ஸ்வீட்லினின் பெயர் மட்டும் போகாது. "சகோதரி ஸ்வீட்லின் அவர்களுக்கு அரசுப் பணி கிடைக்கும்படியாக" என்ற வரி வந்ததும் பெண்கள் பக்கத்தில் ஐந்தாறு தலைகள் இரக்கத்தோடு திரும்பும். அவள் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டுவாள்.

"இதுல ஏறுறது லேசு. இறங்கதுக்கு ரெண்டே வழிதான்" என்பார் கோயில்பிள்ளை அருமைநாயகம். மணியடிப்பது, விளக்குப் போடுவது, அறிவிப்புகளை எழுதிக் குருவானவர் மேசையில் வைப்பது எல்லாம் அவர் வேலை. "ஒண்ணு, கேட்டது கெடச்சு ஸ்தோத்திரம். இன்னொண்ணு அடக்க ஆராதனை." இதை அவர் சிரிக்காமல்தான் சொல்வார்.

பெயரை அந்தத் தாளில் ஏற்றியது அப்பா சுவிசேஷமுத்து. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகளும் அவரும்தான் வீட்டில். ஸ்வீட்லின் இயற்பியலில் முதுகலை முடித்த பிறகு, தேர்வாணையப் பரீட்சைக்கு அவள் படிப்பதும் அதற்காக அவர் ஜெபிப்பதும் ஒரே நாளில் தொடங்கின. இரண்டும் நிற்கவில்லை.

ஆரம்பத்தில் அது சந்தோஷமான காலம். நூலக வளாகத்து வாகை மரத்தடியில் மூன்று பேர் சேர்ந்து படித்தார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் வேணி வரலாறு சொல்லிக்கொடுப்பாள். பேட்டை ஆரிப் கணக்கு. ஸ்வீட்லின் அறிவியல். யார் எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அதில் மற்ற இருவரும் அவரை மடக்கப் பார்க்க வேண்டும் என்பது விதி. மத்தியானம் ஆனால் வேணியின் புளிச்சோறு மூன்றாகும். வேணி ஒருநாள் தேறி, வள்ளியூரில் ஓர் அலுவலகத்துக்கு இளநிலை உதவியாளராகப் போனாள். ஆரிப் தன் வாப்பாவின் மோட்டார் பட்டறையை எடுத்து நடத்தப் போய்விட்டான். மரத்தடியில் புதிதாக வந்த பிள்ளைகள் ஸ்வீட்லினை அக்கா என்றார்கள். பிறகு அவர்களும் தேறிப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அக்கா என்றார்கள்.

அவள் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தாள். குறையைத் தேடிப் பிடித்துத் திருத்தக் கிளம்பினாள். விடியுமுன் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று கைபேசியில் ஒருவர் சொன்னார், எழுந்தாள். சர்க்கரையை விட்டாள். ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போனாள், இந்தி எழுதப் பழகினாள், தட்டச்சில் மேல்நிலை முடித்தாள், மைதானத்தில் யோகா செய்தாள், கோயிலில் கீபோர்டு பழகி நான்கு பாட்டோடு நிறுத்தினாள். "அந்தப் பிள்ள சும்மாவே இருக்கமாட்டா, முன்னேறிக்கிட்டே இருக்கா" என்று பக்கத்து வீட்டு லில்லி பெரியம்மா ஊரெல்லாம் சொன்னாள். ஸ்வீட்லினுக்கு மட்டும் தான் ஒரு அறையில் நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. எதில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழத் தோன்றியது.

பேட்டைக்கு அவள் போனது தற்செயல்தான். பில் அடித்துத் தர ஆள் வரவில்லை, ஒருநாள் உதவ முடியுமா என்று ஆரிப் கேட்டான். பில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகிய செம்புக் கம்பிகளை வெட்டி உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். ஸ்வீட்லின் பார்த்தபடி நின்றாள். மின்சாரமும் காந்தமும் அவள் கல்லூரிக் கரும்பலகையில் வரைந்து காட்டியவைதான். ஆனால் ஒரு சுற்று குறைந்தால் மோட்டார் கொதிக்கும், ஒரு முனை மாறினால் உறுமிக்கொண்டு நிற்கும் என்பதை எந்தக் கரும்பலகையும் அவளிடம் சொன்னதில்லை. "நானும் சுத்திப் பாக்கட்டா" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகழுவும்போதுதான், பகல் முழுவதும் தன்னைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

மறுநாளும் போனாள். பிறகு தினமும். நூலகத்துக்குப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னாள். வேணி ஞாயிறுதோறும் போனில் "என்னட்டி படிச்ச?" என்று கேட்கும்போது ஏதாவது ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னாள். கோடை போய் மழை வந்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி வந்து, தானாகப் போயிற்று. ஆரிப் மாதாமாதம் சம்பளம் தந்தான்; அவள் வாங்கிக்கொண்டாள். இப்போது வேலை இருந்தது. பொய்யும் இருந்தது. ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது முன்பு வெட்கமாக இருந்தது, இப்போது ஏதோ திருட்டுச் செய்வதுபோல் இருந்தது. ஒரு சபையே தான் விண்ணப்பிக்காத பரீட்சைக்காகக் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய், பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த அருமைநாயகத்திடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, ஜெபக்குறிப்புல எம் பேர எடுத்துருங்க."

அவர் துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நெசமாவா பிள்ள?"

"ஆமா. எடுத்துருங்க, போதும்."

"ஆர்டர் கைக்கு வந்துட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்காதிய அண்ணாச்சி. பேரு வேண்டாம். அவ்வளவுதான்."

"சரி சரி. ஒண்ணும் கேக்கல" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. ஸ்வீட்லின் அதைப் பார்த்தாள். அந்த இடத்தில் நின்று இன்னும் இரண்டு வாக்கியம் பேசியிருக்க வேண்டும். பேசினால் 'பின்ன என்ன செய்யப்போற' என்று கேட்பார். அவள் குடையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் ஜெபக்குறிப்பில் அவள் பெயர் வரவில்லை. மூச்சை விட்டு முடிப்பதற்குள் குருவானவர் அடுத்த தாளை எடுத்தார். "ஸ்தோத்திரங்கள். நமது சகோதரி ஸ்வீட்லினுக்காக நாம் பல வருடங்களாக ஏறெடுத்த விண்ணப்பத்துக்குக் கர்த்தர் பதில் அருளியிருக்கிறார். குடும்பத்தார் முன்னே வரலாம்."

சபை முழுவதும் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கம் அப்பா எழுந்து நிற்பதை அவள் பார்த்தாள். ஒரு கணம் அவர் முகத்தில் ஒன்றும் புரியாத பாவனை இருந்தது. பிறகு அது உடைந்தது. மகள் தனக்குத் தெரியாமல் இந்தச் சந்தோஷத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் போல. காணிக்கைக்காகச் சட்டைப் பையில் இருந்த பணத்தை அப்படியே அள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

"போளா, அப்பா போறாவல்லா" என்று லில்லி பெரியம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

அவரை நிறுத்தத்தான் ஸ்வீட்லின் போனாள். பலிபீடத்தின் அருகே போய்ச் சேரும்போது அவர் முழங்காலில் இருந்தார். அவளும் பக்கத்தில் முழங்கால் போட்டு, "அப்பா" என்றாள்.

"உங்கம்மா இருந்திருக்கணும்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

குருவானவரின் கை தலையில் இறங்கியது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. லில்லி பெரியம்மா காப்பி போட்டாள், லட்டுத் தட்டை நீட்டினாள், வாட்ஸ்அப்பில் படம் போட்டாள். எந்த இலாகா என்று கேட்டவர்களுக்கு ஸ்வீட்லின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நின்றால் யாராவது கேட்பார்கள். அப்பா வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கைக்கும் அவள் சொல்ல வேண்டியது ஒரு படி கடினமாகிக்கொண்டே போனது.

சாப்பாட்டு வேளை தாண்டி வேணி வந்தாள். வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே முகம் இறுகியிருந்தது.

"எனக்குக் கெடச்சன்னைக்கு எங்கம்மாவுக்கு முந்தி ஒனக்குத்தான் போன் பண்ணேன்" என்றாள். "நீ என்னட்டி? பெரியம்மா ஸ்டேட்டஸ்ல பாத்துத் தெரிஞ்சுக்கிடணுமா நானு?"

"வேணி, உள்ள வா."

"வாரேன். வேல எங்கன போட்டிருக்காவ? அத மொதல்ல சொல்லு."

கூடத்தில் எல்லோரும் அதைத்தான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின.

"பேட்டையில" என்றாள் ஸ்வீட்லின்.

"பேட்டையில என்ன ஆபீஸ்?"

"ஆபீஸ் இல்ல. ஆரிப் பட்டறை. மோட்டாருக்குக் கம்பி கட்டுதேன். ஏழெட்டு மாசமாச்சு." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் அப்பாவைப் பார்த்தபடியே மிச்சத்தையும் சொன்னாள். "கவருமெண்டு வேல கெடைக்கல. இந்த வருசம் நான் எழுதவே இல்லப்பா. இனியும் எழுதல. பேர எடுக்கத்தான் சொன்னேன். ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லல."

"பட்டறைக்கா?" என்றாள் லில்லி பெரியம்மா மெதுவாக. "அதுக்கு நாங்க ஏன் ஜெபம் பண்ணணும், ஆரிப்புட்ட நேர கேட்டிருந்தா குடுத்திருப்பானே." யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஒருவர் கையிலிருந்த பாதி லட்டை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் வீட்டில் வேலை நினைவுக்கு வந்தது.

அப்பா கடைசியாகத்தான் பேசினார். "நான் முழங்கால் போட்டு எந்திச்சுட்டேனே, பிள்ள." அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

சமையலறையில் வேணி காப்பி டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். ஸ்வீட்லின் துடைத்து அடுக்கினாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் வேணி. "ஞாயித்துக்கெழமதோறும் படிச்சேன் படிச்சேன்னு கத விட்டிருக்க."

"ஒனக்குக் கெடச்சுட்டு. எனக்கு வேண்டாம்னு சொன்னா, கெடைக்காததுனாலதான் சொல்லுதேன்னு நெனப்ப."

வேணி ஒரு டம்ளரைத் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தாள். "நெனச்சிருப்பேன்தான். இப்பவும் பாதி அப்படித்தான் நெனைக்கேன்."

"நானும் பாதி அப்படித்தான் நெனைக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மத்தப் பாதி என்ன சொல்லுது?" என்று கேட்டாள் வேணி.

"அதுக்கு நாளைக்கு வேல கெடக்கு. ஒங்க ஊருலருந்து ஒரு மோட்டார் வந்திருக்கு. நாத்து நட்டுட்டுத் தண்ணி இல்லாம நிக்காவ." சொல்லிவிட்டு ஸ்வீட்லின் ஈரத்துணியைப் பிழிந்தாள். "ஆனா ஒண்ணு, வேணி. கை ஓடும்போது ஒரு கேள்வியும் இல்ல. சாயங்காலம் கைய நிறுத்துனா எல்லாம் வந்துருது. இதுவும் கொஞ்ச நாள்ல சலிச்சுப் போயிருமோன்னு பயமா இருக்கு."

"சலிச்சா?"

"தெரியல."

வேணி அடுத்த டம்ளரை நீட்டினாள். "இனிமே ஞாயித்துக்கெழம கேக்கும்போது மோட்டாரச் சொல்லு. வரலாறு சொன்ன, வந்து அடிப்பேன்."

வாசல்படியில் நிழல் விழுந்தது. அப்பா நின்றிருந்தார், இன்னும் அதே வெள்ளைச் சட்டையில்.

"குருவானவர் ஐயாட்ட யாரு சொல்லதுக்கு?"

"நான் சொல்லுதேன்பா."

"எப்ப?"

அடுத்த ஞாயிறு என்று சொல்லத்தான் வாய் எடுத்தாள். "இப்ப" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது பின்னால் கதவு பூட்டும் சத்தம் கேட்டது. "நில்லு. நானும் வாரேன். முழங்கால் போட்டது நானுல்லா" என்றார். வேணியும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் தெருமுனைவரை நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது.

"அங்கன பெண்டுக வேற யாரும் உண்டா?" என்று அப்பா திடீரென்று கேட்டார்.

"ரெண்டு பேரு உண்டுப்பா."

"ஞாயிறு லீவா?"

"லீவுதான்."

கொஞ்ச தூரம் போனபின், சாலையைப் பார்த்தபடி, "அந்தக் கம்பிய நீ என்னதான் செய்யுத?" என்றார். தேர்வுத்தாள் திருத்தும்போது புரியாத விடைக்கு அருகே அவர் போடும் சின்னக் கேள்விக்குறியின் குரல் அது. கோபம் போகவில்லை.

அவள் சொன்னாள். முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாக. கருகியதை உருவுவது, மோட்டாரின் குழிகளைத் துடைத்துக் காப்புத்தாள் வைப்பது, அளவுக்கட்டையில் சுருள் சுற்றுவது. பிறகு கைகளால் காட்டிக்கொண்டே சொன்னாள். எந்தச் சுருளின் முனை எதோடு சேர வேண்டும், சேராவிட்டால் ஏன் சுழலாது என்று சொல்லும்போது ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார். குருவானவர் வீட்டு வாசல் வந்ததை அவள் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார்.

"முடிச்சுச் சொல்லு. பெறகு போவோம்" என்றார்.

அவள் முடித்தாள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி, அவளுக்கு வழிவிட்டு நின்றார். உள்ளே போய் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. யோசித்தால் திரும்பிவிடுவாள் என்று தோன்றியது. கேட்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.