ஆற்றுக்கு இறங்கும் படி

சேறும் பழைய பியரும் கலந்த வாசனை. தேம்ஸ் வற்றும் நேரத்தில் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தால் இன்றும் அதில் பாதி கிடைக்கும். சேறு மட்டும். பியர் போய்விட்டது, பப்பும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது எனக்கு விசா இல்லை. அந்த ஆடி அமாவாசைக்கு எள்ளும் கையுமாக, பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்து, நான் கிளாஸ் கழுவிய பப்பின் பின்படியில் போய் நின்றேன். ஆற்றைக் காணவில்லை! கல், சேறு, ஒற்றைச் சப்பாத்து. ஆறே இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு ஆறும் வற்றி ஏறும் என்று யார் சொன்னது? பப்பை நடத்திய வெள்ளைக்காரக் கிழவி சிகரெட்டும் வாயுமாகச் சிரித்தாள்.

"உன்ரை கடவுள் நேரத்துக்கு வந்திட்டார், ஆறு இன்னும் வரேல்லை. உள்ளே வந்து இரு."

பின்னேரம் ஆறு திரும்பி வந்தது; எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பாவும் அங்கேயே தங்கிவிட்டார் என்றுதான் எனக்கு. பிறகு ஒவ்வோர் ஆடியிலும் கிழவி முற்றத்துக் கேற்றைத் திறந்து வைத்தாள்.

அவள் கடலோரத்து மகளிடம் போனபின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். மீன் பொரித்த கடையில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். பால்கனிகளில் ஒரு சாரம், ஒரு சட்டைகூடக் காய்வதில்லை. எவ்வளவு கண்ணாடி! எவ்வளவு அமைதி! ஒருவரும் பாடித் தள்ளாடி வீடு போவதில்லை. பப் நின்ற இடத்தில் ஃபிளாட். படிக்குப் போகும் கேற்றில் பூட்டு.

இந்த ஆடியில் காவலுக்கு நின்ற தமிழ்ப் பொடியன் என் கையிலிருந்த எள்ளுப் பொட்டலத்தைப் பார்த்தான்.

"அப்பாவுக்கோ, அண்ணை?"

"ஓம். ஒருக்கா இறங்க ஏலுமோ?"

"ஏலாது. குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான். கேமரா வேறை." பாரிஸிலிருந்து வந்து ஒரு வருஷமாம். "வேறை இடத்திலை ஆறு ஓடேல்லையோ?"

"அவர் இங்கைதான் தம்பி வாறவர்."

அவன் சிரிக்கவில்லை. கேமராவை ஒருமுறை பார்த்தான், திறப்பை எடுத்தான்.

"நான் உடனை பூட்டவேணும். தண்ணி வத்துது, கரையாலை நடந்து மற்றப் படியாலை ஏறிப் போங்கோ." நான் இறங்கினேன். கம்பிக்குள்ளால் தன் தகப்பனின் பெயரைச் சொன்னான். "அவருக்கும் ஒருக்கா இறைச்சு விடுங்கோ. பேரைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ அண்ணை, எனக்கும் கேக்கட்டும்."