சிவப்புப் பூசிய பீப்பா

வயிற்றைப் பார்க்க முதல் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். மிஸ்ஸி என்று நாங்கள் சொன்னது எங்கள் பகுதிக்கு வரும் மருத்துவமாதுவை. வெள்ளைச் சீலை, கறுப்புக் குடை, கையில் ஒரு தோல் பை. கடற்கரை ஒழுங்கைகளில் வெயில் என்றும் பாராமல் நடந்தே வருவார். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கத்தான் அவர் வருவது. நான் இரண்டிலும் சேராதவள். அதனால் அவர் எங்கள் வேலிப் படலையைத் திறந்தபோது நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

எனக்கு அதற்கு முன் இரண்டு தரம் வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. முதலாவது தலைசுற்றத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே போய்விட்டது. இரண்டாவது, ஊரிலே நாலு பேருக்குச் சொன்ன பிறகு போனது. அதற்குத்தான் கூடுதலாக வெட்கப்பட்டேன். துக்கம் எது, வெட்கம் எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கொஞ்சக் காலம் கோயிலுக்கும் போகவில்லை, சந்தைக்கும் போகவில்லை. மாமிதான் வழியில் மிஸ்ஸியை மறித்து, "என்ரை மருமகளையும் ஒருக்காப் பாருங்கோ" என்று கூட்டி வந்தவர். மாமி எங்கள் வளவிலேயே பக்கத்து வீட்டில் இருந்தார்.

என் மனிதருக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்கு ஏற்றி இறக்கும் இரும்புத் தோணிகளைக் கரையில் இழுத்துவைத்து, துருவைச் சுரண்டி, பெயின்ற் அடிக்கிற வேலை. பின்னேரம் வரும்போது தலைமயிர், கண் இமை எல்லாம் சிவப்புத் தூசி படிந்திருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். கேட்டதற்கு "ஓம்" என்பார், இல்லாவிட்டால் தலையாட்டுவார். அவர் மனதில் இருப்பது கதையில் வராது, செய்யிற வேலையில்தான் வரும்.

எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட இருந்ததால் தண்ணீர் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க ஏலாது. குடிக்கிற தண்ணீருக்கு ஒழுங்கை முடிவில் இருந்த பைப்படிக்குப் போய் இடுப்பில் குடம் வைத்துத் தூக்கி வர வேண்டும். முதல் பிள்ளை போனபோது, குடம் தூக்கினதால்தான் போனது என்று மாமி சொல்லிவிட்டார். என் மனிதர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் கழித்து ஒரு பெரிய இரும்புப் பீப்பாவை ஒழுங்கை முழுக்க உருட்டிக்கொண்டு வந்தார். வேலை முடிந்து வந்து பொழுதுபடும் வரைக்கும் அதன் உள்பக்கத்தைச் சுரண்டினார். பிறகு, இனித் துருப்பிடிக்கக் கூடாது என்று, தோணியின் அடிக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்றை உள்ளே அடித்துக் காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சும் பூசினார். வேலைகாரர் அதை ரெட்லெட் என்பார்கள். குசினி வாசலில் கல் அடுக்கி, அதன்மேல் பீப்பாவை நிமிர்த்தி, பலகையில் மூடியும் செய்தார். அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் போக முதல் காவுதடியில் வாளி கொழுவித் தண்ணீர் சுமந்து வந்து அதை நிரப்புவார்.

பைப்படிப் பெண்கள் என்னை, "உனக்கென்னடி, வீட்டுக்குள்ளையே பைப்" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷம். ஒரு பெண்சாதிக்கு ஆண்பிள்ளை தண்ணீர் சுமந்து வருவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இல்லை. முதல் நாட்களில் அந்தத் தண்ணீரில் லேசான பெயின்ற் மணம் இருந்தது. பிறகு மணம் போய்விட்டதோ, நான் பழகிவிட்டேனோ தெரியாது.

மிஸ்ஸி என்னைக் கதிரையில் இருத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "ரத்தம் காணாது பிள்ளை. இந்த உடம்பிலை இன்னொரு உயிரை வைச்சா அது எதைத் தின்னும்?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய் சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும். பூச்சி மருந்து குடிக்க வேண்டும், இரும்புக் குளிசை போட வேண்டும். வளவுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. சோறு தின்ற கையோடு தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது. குசினிப் புகை வெளியே போக வழி வைக்க வேண்டும். இதெல்லாம் முடிந்து தான் வந்து பார்த்துச் சொல்லும் மட்டும் பிள்ளைக்கு அவசரப்படக் கூடாது.

கடைசியில் சொன்னதை மாமிக்கு முன்னாலேயே சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி போன பிறகு மாமி, "பல்லுப் பிடுங்கிறதாம். பிள்ளை என்ன வாயாலையே வரப்போகுது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் என் மனிதர் மிஸ்ஸி சொன்னதை ஒன்றும் விடவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், பல்லுப் பிடுங்கும் வரைக்கும் வாசலில் நின்றார். குசினிச் சுவரை வெட்டி ஒரு யன்னல் வைத்தார். செருப்பு வாங்கி வந்தார்; அளவு பெரிது, அதோடேயே நடந்தேன். சூடை மீனும் கீரி மீனும் நெத்தலியும் கிடைக்கிற நாளில் கொண்டு வருவார். நான் முருங்கை இலையும் பொன்னாங்காணியும் மாறி மாறிச் சமைத்தேன். மிஸ்ஸி கடைசியில் சொன்னதற்காக, அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் படுக்கப் போனார்.

மாமி அதைக் கண்டு நாங்கள் சண்டை பிடித்துவிட்டோம் என்று நினைத்தார். என்னிடம் கேட்டார், நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மகனிடம் கேட்டார், அவர் தலையாட்டினார். கடைசியில் மிஸ்ஸியிடமே கேட்டறிந்து வந்து, அன்றிலிருந்து எனக்கு உளுத்தம்மாக் களி கிண்டித் தரத் தொடங்கினார். நல்லெண்ணெய் மேலே மிதக்கும். முழுக்கத் தின்னும் வரைக்கும் முன்னால் குந்தியிருப்பார்.

இன்னொன்றும் எனக்குக் கிடைத்தது. சிவப்புப் பெயின்ற் அடிக்கிற நாட்களில் வேலைகாரருக்குத் துறைமுகத்தில் ஆளுக்கொரு கோப்பை பால் கொடுப்பார்கள். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் போத்தலில் ஊற்றி, தொப்பியால் சுற்றி எனக்குக் கொண்டு வருவார். அதை ஒருபோதும் மறந்ததில்லை.

சில மாதம் கழித்து மிஸ்ஸி திரும்ப வந்தார். இமையை இழுத்துப் பார்த்து, இன்னும் வெளுப்புத்தான் என்றார். வயிற்றில் அடிக்கடி பிடித்து இழுக்கிற நோ இருந்ததையும் நான் சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. என்ன தின்கிறாய் என்று கேட்டார். நான் எல்லாம் சொல்லி, பெருமையாகப் பாலையும் சொன்னேன்.

"பால் எங்காலை வருது?" என்றார்.

சொன்னேன்.

"பெயின்ற் அடிக்கிற ஆக்களுக்கு ஏன் பால் குடுக்கினம்?"

அந்தப் பெயின்றில் ஈயம் இருக்காம், உடம்புக்குள் போனால் வயிற்று நோ வருமாம், அதற்காகத்தான் கொடுக்கிறது என்று என் மனிதர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே என் குரல் இறங்கிவிட்டது. மிஸ்ஸி எழும்பிப் போய்ப் பீப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு சில இடங்களில் பொரிந்து உரிந்திருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினார். விரலில் நிறம் வந்தது.

"இதாலைதான் எண்டு நான் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா இந்தத் தண்ணி இனி வேண்டாம். அவரும் அந்தத் தூசியோடை வீட்டுக்குள்ளை வரக்கூடாது. நான் நிண்டு அவருக்குச் சொல்லட்டா?"

நான் மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரைக்கும் அவரை நானாகத் தொட்டதில்லை. "வேண்டாம் மிஸ்ஸி. நான் சொல்லுறன்," என்றேன்.

ஆனால் சொல்ல வாய் வரவில்லை. எனக்காக என் மனிதர் காலையில் சுமந்த தண்ணீர் அது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த காலம் முழுக்க அதைத்தான் குடித்தேன். அதை எந்த வாயால் சொல்வேன்? அவர் வேலைக்குப் போனதும் குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போவேன். அவர் நிரப்பிவிட்டுப் போன தண்ணீரைச் சட்டி பானை கழுவவும் நிலம் தெளிக்கவும் எடுத்து, பீப்பாவைக் குறைத்து வைப்பேன். அவர் வந்து எட்டிப் பார்ப்பார். குறைந்திருந்தால் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அடுத்த நாள் இன்னும் இரண்டு நடை கூட நடந்து நிரப்புவார்.

தூசி விஷயத்தில், சொல்லாமல் என்னால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. அவர் அதே சட்டையோடு வந்து, அதே பாயில்தான் இருந்தார்.

வேலையில்லாத ஒரு நாள், அவர் தலைமயிர் வெட்டப் போயிருக்கிறார் என்று நினைத்துக் குடத்தோடு பைப்படியில் நின்றேன். அவர் அந்த வழியாகவே வந்தார். பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றும் சொல்லாமல் என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "அவருக்குப் பொம்பிளையளின்ரை வேலை நல்லாப் பிடிச்சிட்டுது" என்று யாரோ பின்னால் சொல்லிச் சிரிப்பது கேட்டது.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டுக் கேட்டார்: "நான் கொண்டு வாற தண்ணி உனக்குப் பிடிக்கேல்லையோ?"

நான் சுளகை எடுத்து அரிசி புடைக்கத் தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லியிருக்க முடியாது. அரிசியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாலைப் பற்றி, ஈயத்தைப் பற்றி, மிஸ்ஸியின் விரலில் வந்த சிவப்பைப் பற்றி. அவர் வாசல்படியில் இருந்தார்.

"மிஸ்ஸி என்ன சொன்னவ?"

"தனக்குத் தெரியாதாம்."

"நீ என்ன நினைக்கிறாய்?"

"நான் தூக்கக் கூடாதெண்டு நீங்கள் தூக்கினீங்கள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்," என்றேன்.

அன்று மத்தியானம் அவர் சோறு தின்னவில்லை. பின்னேரம் எழும்பிப் பீப்பாவைச் சரித்து, தண்ணீர் முழுவதையும் ஓடவிட்டு, வேலியடிக்கு உருட்டினார். நல்ல பீப்பா, நெல்லாவது போட்டு வைக்கலாம் என்று மாமி ஓடி வந்தார். என் மனிதர் உளியை வைத்து அடித்து அடியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டார். வேறு ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் வைக்கக் கூடாது என்றுதான். மாமிக்கு அது விளங்கவில்லை. மகனுக்கு வெயில் பிடித்துவிட்டது என்று சொல்லித் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் என் மனிதர் சந்தையில் மண்பானை இரண்டு வாங்கி வந்தார். தண்ணீர் சுமப்பதை மட்டும் விடவில்லை. துறைமுகத்தில் கயிறு, சரக்கு மூடும் படங்கு பார்க்கிற வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார். உடனே கொடுக்கவில்லை. அது கிடைக்கும் மட்டும், வேலை முடிந்ததும் அங்கேயே சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வருவார். வேலை உடுப்பை என்னைத் தோய்க்க விடமாட்டார். விறாந்தையையும் அறையையும் ஈரத் துணியால் தானே துடைத்தார். பழைய பாயைக் கொளுத்திவிட்டுப் புதுப்பாய் வாங்கினார். பாலை இனி முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நான் சொன்னேன். நான் அவருக்குக் கட்டளையாகச் சொன்ன முதல் சொல் அது. "ஓம்" என்றார்.

ஆனால் என் முகத்தை நேரே பார்ப்பதைக் குறைத்துவிட்டார். நான் தலை சுற்றி ஒரு கணம் சுவரைப் பிடித்தால்கூட, தான் ஏதோ செய்துவிட்டதுபோல நிற்பார். பிள்ளை வராவிட்டால் இந்த மனிதரை நான் இப்படியே இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். அதுவரைக்கும் எனக்காகத்தான் பிள்ளை கேட்டேன். அதன் பிறகு அவருக்காகவும் கேட்டேன்.

வயிற்று நோ மெல்ல மெல்ல விட்டது. மிஸ்ஸி வந்து வந்து பார்த்தார். கயிற்று வேலையும் கிடைத்து, கூரைக்குக் கிடுகும் புதிதாக வேய்ந்து முடிந்த ஒரு நாள், என் இரண்டு இமைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "இனி உங்கட விருப்பம்" என்றார். என் மனிதர் விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமி உடனே மகனைப் பார்த்து, "அப்ப அந்தப் பாயை உள்ளுக்கை கொண்டு போடா" என்றார். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். மிஸ்ஸி படலை வரைக்கும் சிரித்துக்கொண்டு போனது கேட்டது.

அடுத்த மாரிக்கு, மழை விட்டிருந்த ஒரு காலையில், எங்கள் அறையிலேயே மிஸ்ஸியின் கையில் என் மகள் பிறந்தாள். நல்ல சத்தமாக அழுதாள். துடைத்துச் சுற்றி என் பக்கத்தில் கிடத்திய பிறகு, மிஸ்ஸி அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் வந்து என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளைப் பக்கம் திரும்பாமல், மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ்ஸி, ரெண்டாவது அந்தத் தண்ணியாலையோ போனது?"

இவ்வளவு காலமும் அதை அவர் வாயிலே எடுத்ததில்லை. மிஸ்ஸி கை கழுவிக்கொண்டிருந்தார். துவாயில் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியாது தம்பி. இல்லையெண்டு சொன்னா நீர் நம்பமாட்டீர். ஓமெண்டு சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை. தண்ணி சுமந்த ஆள் கெட்டது நினைச்சுச் சுமக்கேல்லை எண்டது மட்டும் எனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார். பிறகு வெளியே போனார். விறாந்தையில் மாமி, பிள்ளை யாரைப் போல என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"நான் இன்னும் வடிவாப் பாக்கேல்லை அம்மா," என்றார். "இனித்தான் பாக்கப் போறன்."

திரும்ப உள்ளே வந்து பாயின் ஓரத்தில் குந்தி, துணியை விலக்கி, அவளை வடிவாகப் பார்த்தார்.