காப்பிப் பழம் காத்திருந்த பகல்

கம்ப்யூட்டர் கடைக்காரன்னா கெட்டதைச் சரி பண்ணறவன்னு ஊர் நினைக்குது. நம்ம பாதி ஆயுசு திரையில் வர்ற ஒரு "காணவில்லை" செய்தியைப் பார்த்துக்கிட்டே போகுதுன்னு இந்தத் தொழில்ல மாட்டின உங்களுக்குத்தான் தெரியும்.

பென்டிரைவில் வந்த பல்சக்கரம்

ஏற்காடு கடைவீதியில் என் கடை. போன அறுவடையில் மாரமங்கலத்து ராசம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாங்க. காப்பிப் பழம் தோலுரிக்கிற மிஷினில் பல்சக்கரம் நொறுங்கிப் போச்சு. புதுசு வெட்ட, சேலத்துப் பட்டறைக்காரர் அளவு போட்ட படத்தைக் காகிதத்தில் கேட்டிருக்கார். மிஷின் வித்தவர் தந்த படம் பென்டிரைவில் இருந்தது. நேத்துப் பறிச்ச பழம் பதினோரு மூட்டை ஊட்டில் கிடக்கு. உரிக்காம விட்டா புளிச்சுப் போகும். காய வைக்கவும் வழியில்லை, ஒரே பனிமூட்டம்.

படம் திறக்கிற சாஃப்ட்வேரைப் போட்டேன். கிராஃபிக்ஸ் லைப்ரரி காணோம்னு நின்னுடுச்சு. அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. திரையில் படம் போட சாஃப்ட்வேர் கூப்பிடற வேலையாளுங்கன்னு சொன்னேன். ராசம்மா தலையாட்டினாங்க: "எஸ்டேட்டுலயும் அப்படித்தானுங்க, ஆளு வரலைன்னா கணக்கெழுதற ரைட்டரு சும்மாதான் நிப்பாரு."

முப்பத்திரண்டும் அறுபத்து நாலும்

லைப்ரரியை இறக்கிப் போட்டேன். திறக்கலை. நான் அஞ்சாவதோட நின்னவன், இங்கிலீசை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நொம்ப நேரம் கழிச்சுத்தான் கண்ணில் பட்டது: சாஃப்ட்வேர் அறுபத்து நாலு பிட், நான் போட்ட லைப்ரரி முப்பத்திரண்டு. மாத்திப் போட்டேன். அதே செய்தி. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். அதே செய்தி.

ராசம்மா ஊட்டுக்கு ஃபோன் போட்டாங்க. அவங்க ஊட்டுக்காரர் மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்துச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு: "கை பொறுக்கலை புள்ள, சூடு ஏறிடுச்சு."

பேர் எழுதற பழக்கம்

சேலத்தில் இதே தொழில் பண்ற முருகேசனைக் கூப்பிட்டேன். "சாஃப்ட்வேர், லைப்ரரி எல்லாம் எந்த ஃபோல்டர்ல வெச்சீங்கண்ணா?"ன்னார். 'மாரமங்கலம் ராசம்மா'ன்னேன். வர்றவங்க சமாச்சாரம் மொத்தத்தையும் அவங்க ஊரும் பேரும் தமிழில் எழுதின ஃபோல்டரில் போடறது என் பழக்கம். ஃபோட்டோ, விண்ணப்பம் எதுவும் முரண்டு பிடிச்சதில்லை. முருகேசன் சொன்னார்: "சில லைப்ரரிக்குத் தமிழ் எழுத்து இருக்கிற ஃபோல்டருக்குள்ள போகத் தெரியாதுண்ணா. வெறும் நம்பர் வெச்சுப் பாருங்க."

பேரை அழிச்சிட்டு 'ஒண்ணு'ங்கிற நம்பரைத் தட்டினேன். சக்கரம் பல்லு பல்லா வந்து நின்னது. அப்ப மணி ரெண்டு. ராசம்மா திரையைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க.

"இவ்வளவுதானுங்களா?"

அஞ்சு மூட்டை

அடுத்த வாரம் வந்தாங்க. அன்னைக்கே சக்கரம் வெட்டி மாட்டியாச்சு. ஆனாலும் ஆறு மூட்டைதான் தேறுச்சு. அடியில் கிடந்த அஞ்சும் குப்பைக்குழிக்குப் போச்சு. காலையிலேயே படம் கிடைச்சிருந்தா அதுவும் தப்பிச்சிருக்கும். "என் தப்புதானுங்கம்மா"ன்னேன். அவங்க முகத்தில் கோபம் இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

"எம் பேரை எப்படி வேணா எழுதிக்கங்கண்ணா. பழத்தைத்தான் காக்க வெக்காதீங்க."

இப்பல்லாம் என் கம்ப்யூட்டரில் எல்லாரும் வெறும் நம்பர்தான். ஊரும் பேரும் சொல்லிக் கூப்பிடறது, ஆளு எதிரில் வந்து நின்னா மட்டும்.