வெளியே தொங்கிய பூட்டு

விழுப்புரம் வீட்டில், வீடியோ பார்த்து, சின்னப் பூட்டைச் சாவியில்லாமல் திறக்கப் பழகுகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் தேவையா என்று உறுத்தல்தான். கம்பி உள்ளே உரசியதும் நான் வளர்ந்த திண்டிவனம் வீட்டின் துரு வாசனை வந்துவிட்டது.

அப்பா அம்மாவை அடித்து, அறைக்குள் தள்ளிப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு போய்விடுவார். எட்டு வயதில் ஒருநாள் என் ஹேர்பின்னை அந்தப் பூட்டுக்குள் விட்டுத் திருகினேன். உள்ளேயே ஒடிந்தது.

“வுட்டுடு பாப்பா, ஜல்தியா பக்கத்து வூட்டுக்குப் போயிடு,” என்றாள் அம்மா. நான் போகவில்லை.

திரும்பி வந்த அப்பாவின் சாவி நுழையவில்லை.

“எவடி பூட்ட நோண்டினது?”

“நான்தாங்க,” உள்ளேயிருந்து அம்மா.

அப்பா சிரித்தார். “உள்ள இருந்துக்கினு வெளிப்பூட்ட நோண்டினியா?” சுத்தியலால் பூட்டை உடைத்து, அதே சுத்தியலோடு உள்ளே போனார். “நோண்டின கை எதுடி?”

அம்மா வலது கையை நீட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது.

இப்போது பூட்டு ‘டக்’கென்று திறந்தது. என் மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். “ஆயா, அம்மா தொறந்துட்டாங்க!”

பின்னாலேயே நானும் போனேன். மடங்காத விரல்களால் என் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். “இந்த வாட்டி பின்னு ஒடையலியா பாப்பா?” என்று என்னைக் கேட்டாள்.